சுவர் நகரும் கணக்கு

இணையத்தில் குழுவைத் தொடங்க அவளுக்கு ஒரு தேநீர் இடைவேளை போதுமாக இருந்தது. இணையதளம் பெயர் கேட்டது. 'கணினிவழிக் கட்டுமானக் கணக்கு: சந்தேகங்கள்' என்று கொடுத்தாள். விதி ஏதாவது உண்டா என்று கேட்டது. 'தெரியாததைக் கேட்கலாம். கேட்டவரைக் கேலி செய்பவருக்கு இங்கே இடமில்லை' என்று எழுதினாள். ஆள் சேர்க்கச் சொன்னது. கூப்பிட யாரும் இல்லாததால் தன்னுடைய இன்னொரு மின்னஞ்சலையே சேர்த்துக்கொண்டாள், முதல் போணியைத் தானே செய்துகொள்ளும் கடைக்காரி மாதிரி.

அவள் அலுவலகத்தில் பூமியைத் தோண்டுமுன் கணினியில் தோண்டிப் பார்ப்பார்கள். இப்போது கையில் இருந்தது ஒரு பெரிய கட்டடத்தின் அடித்தளக் குழி. சுற்றிலும் கான்கிரீட் சுவர், அது சாயாமல் இருக்கக் குறுக்கே இரும்பு உத்திரங்கள். பின்னாலிருந்து மண் தள்ளும்போது சுவர் எவ்வளவு உள்ளே நகரும் என்று சொல்வது அவள் வேலை. அதற்காகக் கணினிக்குள் மண்ணைக் கட்டம் கட்டமாக வெட்டிக்கொள்வாள். கட்டம் பெரிதாக இருந்தால் மண் உள்ளதைவிட விறைப்பாகத் தெரியும். கட்டத்தைப் பொடியாக்கினால் சுவர் கொஞ்சம் கூடுதலாக நகர வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது. பொடியாக்கப் பொடியாக்க நகர்வு குறைந்துகொண்டே போனது.

தலைமைப் பொறியாளருக்கு அதில் பரம திருப்தி.

“கொறைஞ்சா நல்லதுதானேம்மா. கூடினாத்தானே பயப்படணும்?”

“கூடணும் சார். கொறையறதுதான் பயமா இருக்கு.”

“ரெண்டு புரோகிராம்லயும் போட்டுப் பாத்தாச்சு. ரெண்டும் ஒரே பதில் சொல்லுது. இதுக்கு மேல என்ன, ஜோசியமா பாக்கணும்?”

இரண்டு புரோகிராமில் சரிபார்ப்பதுதான் அந்த அலுவலகத்தின் வழக்கம். ஒத்துப்போனால் கையெழுத்து விழும். ஒத்துப்போய்க் கையெழுத்தும் விழுந்துவிட்டது. அடுத்த மேசையில் இருப்பவனை எல்லாரும் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, “நல்ல சேதி வந்தா உனக்குத் தூக்கம் போயிடும் போல” என்றான்.

போகத்தான் செய்தது. அந்தக் குழியின் அடியில் கம்பி கட்டுகிறவர்களில் அவள் அண்ணனும் ஒருவன்.

அப்பா சாரத்திலிருந்து விழுந்து படுக்கையில் கிடந்த காலத்தில் அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கம்பி வளைக்கப் போனான். அவள் படித்த கணக்கெல்லாம் அந்தக் கம்பியில் வந்ததுதான். அதை அவன் சொல்லிக்காட்டியதில்லை. கிண்டல் மட்டும் செய்வான்.

“சுவத்துல எங்கயாவது வெடிப்பு கிடிப்பு இருக்காண்ணே?” என்று அன்று வீட்டில் கேட்டாள்.

“உன் கம்ப்யூட்டர்தானே அதத் தாங்கிட்டு நிக்குது. என்னக் கேட்டா?”

“சாப்பிடற மனுஷன்கிட்டயா இதக் கேப்பே?” என்று அண்ணி அவளை முறைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு அண்ணியும் சரியாகச் சாப்பிடவில்லை.

நகர்வு ஏன் குறைகிறது என்று கணக்கோடு குழுவில் கேட்டிருந்தாள். முதலில் ஈ காக்கை இல்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எடுத்த எடுப்பில் ஒருவர் வேலை வாங்கித் தர முடியுமா என்றார். இன்னொருவர், “இதுகூடத் தெரியாமல் சம்பளம் வாங்குகிறீர்களா?” என்று எழுதினார். விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டத்தில் ஒருவரை இழப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் நீக்கினாள்.

நீக்கிய பிறகுதான் 'ஆமை' என்ற பெயரில் ஒருவர் வாய் திறந்தார். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. “சமன்பாடுகளைத் தீர்க்கும் பகுதி எது? அது எப்போது நிற்கிறது?” என்று மட்டும் கேட்டார்.

இரண்டு புரோகிராமையும் திறந்து பார்த்தாள். மேலே பூச்சு வேறு வேறு. உள்ளே, சமன்பாடு தீர்க்கும் பகுதி வரிக்கு வரி ஒன்றேதான். எப்போதோ எவரோ ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியை அப்படியே குழுவில் போட்டாள்.

“இரண்டு சாட்சி என்று நினைத்திருக்கிறீர்கள்” என்று ஆமை எழுதினார். “ஒரே ஆள் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறான். அந்தப் பகுதி பூஜ்யத்திலிருந்து விடையை நோக்கி அடி அடியாக நடக்கிறது. அடி சிறிதாகிவிட்டால் ஊர் வந்துவிட்டது என்று உட்கார்ந்துவிடும். இன்னும் எவ்வளவு தூரம் பாக்கி என்று பார்ப்பதே இல்லை. கட்டம் பொடியானால் அடி இன்னும் சிறிதாகும், இன்னும் முன்னாலேயே உட்காரும்.”

மீதி தூரத்தைப் பார்த்து நிற்கும்படி அந்த இடத்தை மாற்றி மறுபடி ஓட்டினாள். வந்த நகர்வு பழைய விடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். உத்திரங்கள் தாங்கும் அளவைத் தாண்டியிருந்தது.

திரையைத் தலைமைப் பொறியாளரிடம் காட்டினாள்.

“இத யாரு சொன்னா?”

“குழுவுல ஒருத்தர் சார். ஆமைன்னு பேரு.”

“ஆமை சொல்லுச்சு, வேலைய நிறுத்திட்டேன்னு மேல போய்ச் சொல்லட்டுமா?” அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “ஆபீஸ் கணக்க ஊருக்கே தொறந்து காட்டியிருக்கே. சாயங்காலத்துக்குள்ள அந்தக் குழுவ மூடிடு. அடுத்த வாரம் ஆள் வெச்சு சுவத்த அளந்து பாக்கலாம்.”

“அதுவரைக்கும் கீழ ஆளுங்க இருக்காங்களே சார்.”

“வேலை நடக்கட்டும்மா. என்னால முடிஞ்சது அவ்வளவுதான்.”

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். குழிக்குள் இருப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பேருந்து ஏறினாள்.

குழியின் விளிம்பிலிருந்து பார்க்கும்போது அண்ணன் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தான். கத்திக் கூப்பிட்டாள். இயந்திர இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. மேஸ்திரியைத் தாண்டி ஏணி வழியே பாதி இறங்கிப்போய் நின்றாள்.

“அண்ணே, மேல வா. எல்லாரையும் கூட்டிட்டு வா.”

“சுவரு விழப்போகுதா?”

“தெரியாது.”

“தெரியாதா? அதச் சொல்லத்தான் வந்தியா?”

“நிக்கும்னு சொன்ன கணக்கு தப்பு. அது மட்டும் தெரியும்.”

அவன் சுவரைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். கம்பி கட்டும் கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, “டேய், போட்டது போட்டபடி கிடக்கட்டும், ஏறுங்கடா” என்றான்.

“உன் தங்கச்சிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?” என்று மேஸ்திரி மேலேயிருந்து கத்தினார். “இன்னிக்குக் கூலிய யாரு அழுவுறது?”

“பேதலிச்சிருந்தா நாளைக்கு நானே உங்க கால்ல விழுறேன்” என்றான் அண்ணன். “இப்ப வழிய விடுங்க.”

அவள் மேலே ஏறி விளிம்பில் ஒதுங்கி நின்றாள். ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏணியைப் பிடித்தார்கள். யாரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. ஒருவன் அவள் காலடியில் துப்பிவிட்டு நடந்தான்.

கைப்பேசியில் தலைமைப் பொறியாளர் அழைத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி சொல்லியிருப்பார். அது அடித்து ஓயும்வரை விட்டாள். ஓய்ந்ததும் திரையில் குழு தெரிந்தது. இதுவரை ஒரு வார்த்தையும் பேசாத ஓர் உறுப்பினர் எழுதியிருந்தார்: “எங்கள் பாலத்தின் கணக்கிலும் அதே பகுதிதான் இருக்கிறது. சாரத்தில் வேலை நடந்துகொண்டிருக்கிறது. இங்கே சொன்னால் என்னைத்தான் பைத்தியம் என்பார்கள். என்ன செய்ய?”

சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் குழுவை மூடவில்லை.

“முதலில் ஆட்களை அங்கிருந்து வெளியேற்றுங்கள்” என்று எழுதினாள். “கணக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம். நான் இங்கேதான் இருப்பேன்.”

அனுப்பிவிட்டு ஏணியைப் பார்த்தாள். எல்லாரையும் முன்னே அனுப்பிவிட்டு அண்ணன் இன்னும் கீழேயே நின்றுகொண்டிருந்தான்.