கிளாட்வினின் காது

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் கிளாட்வின் மெக்கானிக்கின் காதுக்கென்று தனிப் பேர் உண்டு. விசைப்படகு என்ஜினை ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவான். "மூணாவது இன்ஜெக்டர் போச்சு அண்ணாச்சி" என்பான். கழற்றிப் பார்த்தால் மூணாவதுதான் போயிருக்கும். நாலு தடவை இப்படிப் பலித்துவிட்டால் மனுசனுக்குத் தலைகால் புரியுமா? டாக்டருக்குப் படிக்காததுதான் தன் காதுக்கு ஒரே குறை என்று அவனே நம்பத் தொடங்கிவிட்டான்.

அந்த நம்பிக்கையில்தான், மனைவி ஸ்டெபிக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, வயிற்றில் வைத்துப் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கிற சின்ன மெஷின் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தான். முதல் நாள் வைத்தபோது உள்ளே குதிரை ஓடுகிற சத்தம். தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கூப்பிட்டுக் கேட்கவைத்தான், ஏதோ தானே உள்ளே போய் மாட்டிவிட்டு வந்த மாதிரி.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகெல்லாம் கரையில் கிடக்க, அவனுக்கு வேலை கழுத்து வரைக்கும். ஒரு சாயங்காலம் கிரீஸ் கையோடு வீட்டுக்குள் நுழைந்தவனிடம் எட்டு மாதம் தாண்டிய ஸ்டெபி சொன்னாள்:

"ஏங்க, பிள்ள முந்தி மாதிரி அசையல. நேத்துலேர்ந்தே ஒரு மாதிரியா இருக்கு."

வேறு எவனாக இருந்தாலும் பயந்து ஆட்டோ பிடித்திருப்பான். நம்ம ஆளுக்கோ காதுக்கு வேலை வந்துவிட்ட சந்தோஷம். கையைக் கழுவி, மெஷினை வயிற்றில் அங்கே இங்கே நகர்த்தி, கண்ணை மூடினான். சத்தம் கிடைத்தது. இந்தத் தடவை குதிரை ஓடவில்லை. நிதானமாக, ஒரே சீராக அடித்தது.

"ஏளா, ஒண்ணும் பயப்படாத. புது என்ஜின் அப்படித்தான், முதல்ல கெடந்து பறக்கும். இப்ப செட் ஆயிட்டு. ஸ்லோவுல எவ்வளவு அருமையா நிக்கு பாரு!"

மறுநாள் துறைமுகத்தில் இதையும் சொல்லிப் பெருமைப்பட்டு, படகுக்காரர் காசிலிங்கம் அண்ணாச்சிக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தான். மத்தியானம் சாப்பிட வந்தபோது ஸ்டெபி செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அவன் மறுபடியும் மெஷினை எடுக்கப் போனான். அவள் கத்திவிட்டாள்.

"அது சொல்லுதத விடுங்க! நான் சொல்லுதேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஆஸ்பத்திரிக்கும் அந்த மெஷினைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான் என்றால் அவனை என்ன சொல்ல! சந்தனச்செல்வி சிஸ்டரிடம், "துடிப்பு நல்லாத்தான் இருக்கு சிஸ்டர், நானே கேட்டேன்" என்று வைத்தும் காட்டினான். சிஸ்டர் ஸ்டெபியின் மணிக்கட்டை அவன் விரலுக்குக் கொடுத்தார்.

"இங்கன புடிச்சுக்கிட்டே அதக் கேளுங்கண்ணே."

மெஷினும் மணிக்கட்டும் சேர்ந்தே அடித்தன.

"நீங்க கேட்டது உங்க வீட்டுக்காரி துடிப்பு. பிள்ளைக்கு இதவிட ரெண்டு மடங்கு வேகமா அடிக்கணும். அப்படியே அடிச்சாலும், அசைவு கொறஞ்சா உடனே வந்துரணும். எல்லாம் சரின்னு இந்த மெஷின் சொல்ல முடியாது."

சிஸ்டர் ஆஸ்பத்திரிக் கருவியை வயிற்றில் வைத்துத் தேடினார். கரகரவென்று இரைச்சல்தான் வந்தது. இன்னொரு இடத்தில் வைத்தார். அங்கும் இரைச்சல். ஊரே மெச்சிய காதுக்கு அதைத் தவிர எதுவும் கேட்கவில்லை. மாதாவே, வெள்ளியில் காது செய்து உன் கோயிலில் வைக்கிறேன், இந்த மடையன் காதையே வேண்டுமானாலும் எடுத்துக்கொள், பிள்ளையை மட்டும் தா என்று உள்ளுக்குள் அழுதான்.

அப்புறம் குதிரை ஓடியது.

ஆனால் வயிற்றில் பட்டை கட்டி எடுத்த வரைபடம் டாக்டரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. துடிப்பின் வேகத்தைக் காட்டுகிற கோடு ஏறி இறங்காமல் மட்டமாகக் கிடந்தது. ஸ்கேனில் பனிக்குடத் தண்ணீரும் குறைந்திருந்தது. "பிள்ளை உயிரோட இருக்கு, ஆனா ரொம்பச் சோர்ந்துட்டு. இனி உள்ளே விட்டுவைக்கக் கூடாது" என்றார். உடனே ஆபரேஷன்.

பொழுது சாய்வதற்குள் பெண் பிள்ளை பிறந்தது. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பிழைத்துக்கொள்வாள் என்றார்கள்.

மறுநாள் ஸ்டெபியின் கட்டிலருகே உட்கார்ந்து தன்னைத்தானே கிண்டலடித்துக்கொண்டிருந்தான். பொண்டாட்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் பிள்ளை ஓடுதுன்னு சொன்ன மெக்கானிக் இந்தக் கடற்கரையிலேயே நான் ஒருத்தன்தான் என்றான். வயிற்றுத் தையல் வலிக்க அவளும் சிரித்தாள்.

"ஆனா நீ கெட்டிக்காரி. என் பேச்சக் கேக்காம கெளம்பிட்டல்லா."

அவள் சிரிப்பு நின்றது.

"உடனே எங்க கெளம்புனேன்? அன்னைக்கு நீங்க சாயங்காலம் நல்லாருக்குன்னு சொன்ன பெறகு, ராத்திரி பூரா அது அசையவே இல்ல. உங்க காது தப்பாது, எனக்குத்தான் ஒண்ணும் தெரியலன்னு படுத்தே கெடந்தேன்."

கிண்டலை விட்டான் கிளாட்வின். அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தான்.