ரிலீவர் வந்தாச்சா?

டென்மார்க்கிலிருந்து முகாம் நடத்த வந்தவளுக்கு எல்லா என்று பெயர் வைத்த அப்பா அம்மாவைச் சொல்ல வேண்டும். பாவம், அவர்கள் என்ன கண்டார்கள், மகள் ஒருநாள் நெய்வேலிப் பக்கம் வடக்குத்துக்கு வருவாள் என்று! "எல்லா அக்காவும் சாப்ட்டாச்சா?" என்று வார்டன் கலியம்மாள் அடுப்படியிலிருந்து கேட்பார். "எல்லா அக்கா சாப்ட்டாச்சு!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். உடனே பாத்திரம் கழுவப் போய்விடும். நான் பட்டினி.

நான் காந்திமதி. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், கல்லூரி இரண்டாம் ஆண்டு. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளின் விடுதியில் கோடை முகாம், வெளிநாட்டுப் பெண்ணுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும், சான்றிதழ் கொடுப்பார்கள் என்றார்கள். சேவை மனப்பான்மை அது இது என்று நினைத்துவிடாதீர்கள். சான்றிதழுக்குத்தான் போனேன்.

எல்லாவுக்கு எங்கள் மே மாத வெயில் திருவிழா மாதிரி. பதினோரு மணிக்கு எல்லோரையும் மைதானத்தில் வட்டமாக ஓடச் சொன்னாள். பிள்ளைகள் வேப்ப மரத்தடியை விட்டு அசையவில்லை. அவள் மட்டும் தன்னந்தனியாக ஓடி, தக்காளியாகச் சிவந்து, தலை சுற்றி உட்கார்ந்தாள். "நான் பெத்ததா இருந்தா ரெண்டு வச்சிருப்பேன்" என்று திட்டிக்கொண்டே கலியம்மாள் அவள் தலையில் ஈரத் துண்டைப் போட்டு மோர் கொடுத்தார். நான் அந்த வசனத்தை மொழிபெயர்க்கவில்லை.

அவளிடம்தான் ஏழு வயது இசைப்பிரியா ஒட்டிக்கொண்டாள். அம்மா முகமே தெரியாதவள். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த அப்பாவும் போன வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். விடுதியில் யாரோடும் பேசாத அந்தப் பெண், தமிழில் ஓர் எழுத்தும் தெரியாதவளிடம் நாள் முழுக்க வாயடித்தாள். என்னிடம் வருவாளா? "நீ சும்மா சும்மா திட்டுவக்கா." எனக்குப் பொறாமைதான், ஒளிப்பானேன்?

கடைசி நாள் வேன் வந்தது. பிள்ளைகள் எல்லாம் ஒரே அழுகை. இசைப்பிரியா மட்டும் அழவில்லை. எல்லாவின் பை மேல் ஏறிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எறங்குடி கண்ணு, அக்காவுக்கு நேரமாவுது" என்றார் கலியம்மாள்.

"ரிலீவர் வந்தாச்சா?"

"யாரு வரணும்?"

"ரிலீவர் வராம எப்புடி போவாங்க? எங்கப்பா போவ மாட்டாரு."

வேன் டிரைவர் சிங்காரவேல் சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நெய்வேலியில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம். ஷிப்ட் முடிந்தாலும், அடுத்த ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும்வரை மெஷினை விட்டு இறங்கக் கூடாது. என் அப்பாவுக்கு எடுத்து வைத்த சாப்பாடு பாதி நாள் அப்படித்தான் ஆறிப்போகும். டென்மார்க்காரிக்கு இதை எப்படிச் சொல்வது? இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் தடவை சொல்லும்போது, சனியன், என் குரல் உடைந்துவிட்டது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். ஐயையோ, யாரைப் பார்க்கிறாள் என்று பின்னால் திரும்பினேன். சுவர்தான் இருந்தது.

"நான்தான் ரிலீவர்" என்றேன்.

இசைப்பிரியா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ திட்டுவியே."

"இனிமே பாத்துத் திட்டுறேன்."

கலியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எல்லா என்னிடம் முறைப்படி பொறுப்பை ஒப்படைத்தாள். கத்தரிக்காய் போட்டால் ஒளித்து வைப்பாள், இடது காது அடிக்கடி வலிக்கும், தலை பின்னும்போது இழுக்கக் கூடாது. நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். இசைப்பிரியா பையிலிருந்து இறங்கி, "நீ போலாங்க்கா" என்று உத்தரவு கொடுத்தாள்.

வேன் கேட்டைத் தாண்டும்வரை கை ஆட்டினாள். அதற்கப்புறம்தான் அழுதாள். தூக்கிக்கொண்டேன். என் தோளெல்லாம் மூக்குச்சளி.

அழுது முடித்ததும் முகத்தை நிமிர்த்திக் கேட்டாள்: "நீ கான்ட்ராக்டா, பர்மனன்டா?"

எங்கள் ஊரில் பர்மனன்ட் என்ற வார்த்தையை யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. இவள் அப்பா கடைசிவரை அதற்காகத்தான் காத்திருந்தார். நானோ நாளை மழை என்பேன், மறுநாள் பரீட்சை என்பேன். என் யோக்கியதை எனக்குத் தெரியாதா? பயமாக இருந்தது.

"பர்மனன்டு" என்றேன்.

"அப்ப செகண்ட் ஷிப்டுக்கு வாக்கா" என்றாள். "பகல்ல எல்லாரும் இருக்காங்க. பொழுது போனாத்தான் யாரும் இல்ல."