யாருடைய பிடி?

மார்ச் 13, புதன். இன்று என் சின்னத் தவறு ஒன்று அகப்பட்டது. நான் படிக்கும் சத்துணவு மாலை வகுப்பில் கேட்ட வீட்டுச் சாப்பாட்டு அட்டவணையில், அளவு எழுத வேண்டிய கட்டத்தில் ‘கீரை – ஒரு பிடி’ என்று எழுதியிருந்தேன். டீச்சர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் ‘யாருடைய பிடி?’ என்று கேட்டிருந்தார். பகல் முழுக்க மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அறுக்கிறவள் நான். அரை மில்லிமீட்டர் பிசகினால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுப்பேன். வீட்டில் அண்ணன் எனக்கு வைத்த பெயரே ‘ஸ்கேல்’. அந்த ஸ்கேலுக்கு ஒரு சிவப்பு வட்டம். சின்னத் தவறு என்று மேலே எழுதியதும் தவறோ என்று இப்போது தோன்றுகிறது. நடந்ததை வரிசையாகவே எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு அப்பாவின் இதயத்தில் உலோக வால்வு பொருத்தினார்கள். அறை அமைதியாக இருந்தால் அவர் நெஞ்சிலிருந்து டிக், டிக் என்று கேட்கும். “வாட்ச் எங்க?” என்று அண்ணன் கேட்டால் அப்பாவைத் தேடுகிறான் என்று அர்த்தம். வால்வில் இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க அவருக்குத் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மாத்திரை. கிளினிக்கில் இரத்தம் எடுத்து ஓர் எண் சொல்வார்கள். அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். இறங்கினால் இரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும், ஏறினால் உள்ளே எங்காவது கசியும். ஒரு வருடத்துக்கு மேல் சமர்த்தாக நின்ற எண், ஒன்றரை மாதமாகக் குதித்துக்கொண்டிருக்கிறது. இன்று காலை 1.6. டாக்டர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, இன்றிலிருந்து மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். “சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?” என்று கேட்டதற்கு அப்பா, “ஒண்ணும் இல்லைங்க, எப்பவும் போலத்தான்” என்றார். பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன்.

பொய் சொல்லவில்லை. எங்களுக்கு அது நினைவுக்கே வரவில்லை. ஒன்றரை மாதம் முன்பு வகுப்பில் இரும்புச் சத்து பற்றி நடத்தினார்கள். அப்பா வெளுத்துத் தெரிகிறாரே என்று மறுநாளே தினமும் ஒரு பிடி கீரையை வேகவைத்து மசித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். வகுப்பு இருக்கும் நாளில் சமையல் அண்ணனுடையது. முதல் நாளே அவர், “படிக்கிறது நீ, வீட்டுப்பாடத்த நான் சாப்பிடணுமா?” என்றார். அன்றிலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு வீட்டுப்பாடம் என்றே பெயர்; டாக்டர் சாப்பாடு என்று கேட்டபோது அது கணக்கில் வரவில்லை. கிளினிக்கில் முன்பு கொடுத்த தாளில் ‘கீரை வகைகள் அளவோடு’ என்று ஒரு வரி இருக்கிறது. அளவோடு என்ற சொல்லை எல்லோரையும் போல நாங்களும் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறோம்.

இன்றைய பாடம் காய்கறி. கீரையில் இருக்கும் ஒரு சத்து காயம் பட்டால் இரத்தத்தை உறைய வைக்கும் என்று டீச்சர் சொன்னார். “ஆனா ரத்தம் உறையக் கூடாதுன்னு மாத்திரை சாப்பிடுறவங்க இருப்பாங்க. அந்த மாத்திரை ஒரு பக்கம் இழுக்கும், கீரை இன்னொரு பக்கம் இழுக்கும்.” என் பக்கத்தில் உட்காரும் தபால்காரர் பேனாவைத் தூக்கினார். “அப்ப கீரை நல்லதா, கெட்டதா? ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க டீச்சர், எழுதிட்டு வீட்டுக்குப் போறேன்.” எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்பாவின் எட்டு மணி மாத்திரை நினைவுக்கு வந்தது.

பையிலிருந்து கிளினிக் புத்தகத்தையும் தினமும் யார் என்ன சமைத்தோம் என்று வகுப்புக்காகக் குறித்து வரும் என் நோட்டையும் எடுத்து அருகருகே வைத்தேன். கீரைக்கு முன்னால் 2.8. பிறகு 2.0. வகுப்புக்கு விடுமுறை விட்டு எல்லா நாளும் நானே சமைத்த வாரம் மட்டும் 2.5. கடையில் வேலை கூடி, அண்ணனே பெரும்பாலும் சமைத்த இந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு 1.6. சிவப்பு வட்டத்தைத் திரும்பவும் பார்த்தேன். யாருடைய பிடி? நான் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. வகுப்புத் தராசை வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு, நெஞ்சோடு அணைத்தபடி பஸ்ஸுக்கு ஓடினேன். இப்படி ஓடி எத்தனை வருடம் ஆகிறது! நானாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன் என்ற குதூகலம். அது அப்பாவின் நெஞ்சுக்குள் இருப்பது என்ற நடுக்கம். எது எதற்கு முன்னால் ஓடியது என்று தெரியவில்லை.

வீட்டில் அண்ணன் அப்போதுதான் கீரையை அலசி வைத்திருந்தான். லாரிக்கு டயர் மாட்டுகிறவன். அவன் கை அகலம் என் கையைப் போல இரண்டு இருக்கும்.

“அண்ணா, ஒரு பிடி எடுத்து இதுல வை.”

“என்னடி ஸ்கேலு, வந்ததும் வராததுமா?”

“வைண்ணா.”

என் பிடி இருபத்துநான்கு கிராம். அவன் பிடி எழுபது. சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அப்பா எட்டிப் பார்த்து, “அப்ப இத்தன நாளா மூணு பேரோட வீட்டுப்பாடத்த நான் ஒருத்தனே செஞ்சிருக்கேன்” என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்பாவுக்குத்தானேன்னு அள்ளிப் போட்டேன்டி” என்றான். அதற்குப் பிறகு சமையலறையில் டிக், டிக் மட்டும் கேட்டது. சட்டென்று கீரையை மொத்தமாக வாரிக் குப்பைக் கூடை பக்கம் போனான். “இனிமே இந்த வீட்டுல பச்சைன்னு ஒரு இலை வரக் கூடாது.”

“ஐயோ, கொட்டாதண்ணா! மாத்திரையும் கூடி, கீரையும் ஒரேயடியா நின்னா எண் அந்தப் பக்கம் பறந்துடும்.”

சொல்லிவிட்டேன், ஆனால் நான் யார் சொல்ல? மொத்தம் ஏழு பாடம் படித்தவள். நான்கு எண்களை வைத்துக்கொண்டு குதிக்கிறேனோ? மணி ஏழே முக்கால். கிளினிக்குக்குப் போன் செய்தேன். டாக்டரே எடுத்தார். நோட்டைப் பார்த்தே கீரைக் கணக்கைச் சொன்னேன். “காலைல கேட்டேனேம்மா” என்றார். பிறகு, மாத்திரையைத் தான் எழுதியபடியே கொடுக்கச் சொன்னார். “கீரைய நீங்களா நிறுத்தாதீங்க. உங்க பிடி அளவே குடுங்க. தெனமும் அதே அளவு. காலைல அப்பாவக் கூட்டிட்டு வாங்க, அந்த நோட்டும் வேணும். பார்த்துட்டு மாத்தலாம்.” அந்த நோட்டும் வேணும் என்றாரே! வைத்த போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பிப் பார்த்தால், அண்ணன் தராசுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். டயரைத் தூக்கும் விரல்களால் ஒவ்வோர் இலையாக எடுத்து வைத்தான். இருபத்துமூன்று. இருபத்தைந்து. நாக்கைக் கடித்துக்கொண்டு ஓர் இலையை இரண்டாகக் கிள்ளி, பாதியைத் திரும்ப எடுத்தான். எண் துடித்தது. அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் தோளுக்கு மேல் குனிந்திருந்தார். டிக், டிக்.

நாளை: கடைக்கு அரை நாள் விடுப்பு சொல்ல வேண்டும். எட்டு மணிக்குக் கிளினிக், கிளினிக் புத்தகத்தோடும் என் நோட்டோடும். டாக்டர் கேட்பதற்கு முன்பே, வீட்டுப்பாடமும் சாப்பாடுதான் என்று சொல்ல வேண்டும்.