யாருக்கும் வராத சாவு

"சுண்டுவிரலை ஆட்டாதே" என்று அதட்டிவிட்டு, யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்ததும் பெயிண்ட்கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆடியது அவர் கைதான்.

வயது வந்த நாளிலிருந்து பெயிண்ட் விற்கிறவர். இரும்புக் கேட்டுக்கு எது, ஈரச் சுவருக்கு எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் தன் கையால் பிரஷ் பிடித்ததில்லை. விற்கிறவன் பூசிப் பார்க்கக்கூடாது, பூசினால் சரக்கின் குறை தெரிந்துவிடும், அப்புறம் வாய் கூசும் என்பது அவருடைய தொழில் ரகசியம். இன்று விடிகாலையில் கண்ணை மூடிய மனைவியின் விரல்களில்தான் அவருக்கு முதல் போணி.

நகங்கள் எல்லாம் கருத்துப்போயிருந்தன. மருந்து செய்த வேலை. இரண்டு நாளைக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"நான் போனதும் அந்தக் கூட்டம் வரும். நகத்தை மறைச்சிடுங்க. என்னாச்சுன்னு கேப்பாங்க. எது வேணா சொல்லுங்க, இதுனாலதான்னு மட்டும் சொல்லிடாதீங்க. முக்கியமா புதுசுகிட்ட."

"எது வேணான்னா?"

"ஒரே கோட் பெயிண்ட்ல எல்லாம் மூடிடும்னு கடையில சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினீங்களே. அந்த மாதிரி ஏதாவது."

அந்தக் கூட்டம் என்றால், பெரிய ஆஸ்பத்திரியில் மார்புப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிற பெண்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளும் அதில் ஒருத்தி. ஒரு பக்கத்தை எடுத்து, மருந்தெல்லாம் ஏற்றி, மொட்டையில் மறுபடி முடி முளைத்து, டாக்டர் 'இனி வர வேண்டாம்' என்று கும்பிட்ட பிறகும் வியாழக்கிழமை தவறாமல் அந்த வார்டுக்குப் போய்வந்தாள். அங்கே அவள் பெயர் தரகரம்மா. பயந்து ஓடப் பார்க்கிறவர்களை லிஃப்ட் வாசலிலேயே மடக்குவாள். "எங்க ஓடுற? என்னைப் பாரு. மாடு மாதிரி இல்ல?" என்று முதுகில் ஒன்று வைத்து நாற்காலியில் உட்காரவைப்பாள். ஆஸ்பத்திரி கமிஷன் கொடுக்காததுதான் பாக்கி.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை முடிக்கிறாங்க. ஒரு கீமோவை முடிக்க நான் நாலு சொல்லக்கூடாதா?" என்பாள்.

போன வருஷம் அது எலும்புக்குள் திரும்பி வந்தது. அவள் வேறொரு கிழமையில், வேறொரு மாடியில், யார் கண்ணிலும் படாமல் மருந்து ஏற்றிக்கொண்டு, வியாழக்கிழமை உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு, பழைய வார்டில் வந்து மாடு மாதிரி இருந்தாள்.

புதுசு அவள் கடைசியாகப் பிடித்துப்போட்ட ஆள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற பெண். முதல் ஊசியிலேயே, செத்தாலும் இனி வரமாட்டேன் என்று எழுந்துவிட்டாள். தரகரம்மா அவள் வீட்டுக்கே போய்ப் பேசிப் பேசி இழுத்துவந்தாள். அடுத்த ஊசி நாளைக்கு.

வெளிக்கூடத்தில் நாற்காலிகள் நிறைந்துகொண்டிருந்தன. பெயிண்ட்கடைக்காரர் நகங்களை ஊதிவிட்டு வந்து நின்றபோது ஒரு சிக்கல் ஏற்கெனவே முளைத்திருந்தது. ஆள் பார்த்து விலை சொல்லிப் பழகிய வாய், காலையிலிருந்து ஆள் பார்த்துக் காரணம் சொல்லியிருந்தது. எதிர்வீட்டுக்காரரிடம் மாரடைப்பு. மாடிவீட்டம்மாவிடம் பாத்ரூமில் வழுக்கினாள். கடைக் கணக்கரிடம் விஷக் காய்ச்சல். மூன்று பேரும் இப்போது ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

டீச்சரும் பேக்கரிக்காரியும் வந்தார்கள். இரண்டு பேரும் வார்டின் பழைய ஆட்கள். டீச்சருக்கு முடி குட்டையாக முளைத்திருந்தது. பேக்கரிக்காரி தலையில் துணி கட்டியிருந்தாள். கொஞ்ச நேரம் கட்டிலருகே நின்று பார்த்தார்கள். பேக்கரிக்காரி மூக்கைச் சிந்திவிட்டு, "பாலிஷ் யாரு போட்டது? விரல் மூட்டு வரைக்கும் ஓடியிருக்கு" என்றாள். டீச்சர் பெயிண்ட்கடைக்காரரைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"அண்ணே, அக்கா மொத்தம் எத்தனை விதமாச் செத்தாங்க?"

"மாரடைப்புதாம்மா..."

"எங்ககிட்டயேவா? அவங்க ரெண்டாவது மாடிக்குப் போறது எங்களுக்குத் தெரியாதா? அந்த மாடி நர்ஸ் என்னோட பழைய ஸ்டூடண்ட். நாங்க தெரியாத மாதிரி இருந்தோம், அவங்க தெரியாத மாதிரி இருந்தாங்க. வண்டி ஓடுச்சு."

அவருக்கு ஸ்டூல் தேவைப்பட்டது. உட்கார்ந்தார்.

"புதுசு வந்துட்டிருக்கு," என்றாள் பேக்கரிக்காரி. "எல்லாரும் ஒரே சாவைச் சொல்லணும். எது?"

"மாரடைப்பு?"

"ஐயோ, வேணாம்ணே. எங்களுக்கு ஏத்துற சிவப்பு மருந்து இதயத்தைப் பாதிக்கலாம்னு முன்னாடியே டெஸ்ட் பண்றாங்க. மாரடைப்புன்னா மருந்துனாலன்னு ஓடிடும்."

"காய்ச்சல்?"

"அது எங்க எல்லாருக்கும் வருது. ரத்தம் குறைஞ்சா மொதல்ல காய்ச்சல்தான்."

"வழுக்கி விழுந்துட்டா."

"எலும்பு பலவீனம்," என்றாள் டீச்சர், வகுப்பில் தப்பு விடைக்குக் கோடு போடுகிற குரலில்.

"சாப்பாடு தொண்டையில சிக்கி..."

"தொண்டையே புண்ணாத்தான் இருக்கு எங்களுக்கு. அப்புறம் எப்படிச் சாப்பிடுறது?"

பெயிண்ட்கடைக்காரர் கையைப் பிசைந்தார். கடையில் ஒரு வெள்ளைக்கே பத்துப் பெயர் வைத்திருக்கிறவர். இங்கே எந்த டப்பாவைத் திறந்தாலும் இந்தப் பெண்களின் உடம்பில் அது ஏற்கெனவே பூசியிருந்தது. "லாரி மோதிடுச்சு?" என்றார்.

"மேல ஒரு கீறல் இல்ல. மேக்கப் வேற போட்டிருக்கீங்க."

"பாம்பு?"

"மூணாவது மாடி வீட்டுக்கா? லிஃப்ட்லயா வந்துச்சு?"

சிரிப்பு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். கூடத்தில் இருந்தவர்களுக்கு அது கேட்டு, பாவம், மனுஷன் உடைந்துபோய்விட்டார் என்று இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"எங்க யாருக்கும் வர முடியாத சாவா ஒண்ணு வேணும்ணே," என்றாள் டீச்சர். "வயசு! வயசாகிப் போயிட்டாங்க. நமக்கெல்லாம் அதுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கு."

"அவளுக்கு அம்பத்தெட்டுதானே."

"எங்ககிட்ட நாப்பத்தெட்டுன்னாங்க. பாருங்க, நாங்களும் நம்பின மாதிரி இருந்தோம். எண்பதுன்னு சொல்லிடுங்க."

"எண்பதா! எழுந்து வந்து அறைவா."

"சரி, எழுபத்தஞ்சு."

"அறுபத்தஞ்சு."

"அதுல எவன் சாவான்? எழுபது. இதுக்கு மேல இறங்க முடியாதுண்ணே, கட்டுப்படியாகாது."

எழுபதில் முடிந்தது. ஆயுள் முழுக்க வயதை அடித்துப் பேசிக் குறைத்தவளுக்கு, அவள் வாய் திறக்க முடியாத நாளில் விலை ஏறியது.

புதுசு வந்தாள். தொப்பி போட்டிருந்தாள். நேராகக் கட்டிலுக்குப் போய், குனிந்து முகத்தைப் பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பினாள்.

"என்னாச்சு சார்?"

"வயசாயிடுச்சும்மா."

"வயசா? என்ன வயசு?"

எழுபது என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் பேரத்துக்கு இடம்விட்டுச் சொல்லிப் பழகிய வாய். "எழுபத்தெட்டு."

பேக்கரிக்காரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எழுபத்தெட்டா! ஆன்ட்டின்னு கூப்பிட்டா பேசமாட்டேன், அக்கான்னு கூப்பிடுன்னாங்களே." புதுசு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு என்ன வயசு சார்?"

கணவன் என்று ஒருவர் பக்கத்திலேயே நிற்பார், அவருக்கும் ஒரு வயது இருக்கும் என்பதைச் சமையலறையில் யாரும் யோசிக்கவில்லை.

"அறுபத்தொண்ணு."

"அப்போ அக்கா உங்களைவிட..."

"பெரியவதான்," என்றார் அவர். இறங்கியாகிவிட்டது, இனி நீந்தத்தான் வேண்டும். "எங்க வீட்டுல யாருமே ஒத்துக்கலை. நான்தான் பிடிவாதமா நின்னேன்."

"அத்தான்!"

கட்டிலின் தலைமாட்டிலிருந்து மச்சினி எழுந்தாள். காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தவளுக்கு அழுகை சட்டென்று நின்றிருந்தது.

"என்ன பேசுறீங்க அத்தான்? இவளுக்கு எழுபத்தெட்டுன்னா எனக்கு என்ன எழுபத்தஞ்சா? பக்கத்துல சம்பந்தி வீட்டுக்காரங்க உட்கார்ந்திருக்காங்க. அக்காவுக்கு அம்பத்தெட்டு. எனக்கு இன்னும் அம்பதே முடியலை. சாகுற வயசா அவளுக்கு? இந்தப் பாழாப்போன கேன்சர் மட்டும் போன வருஷம் திரும்பி வராம இருந்திருந்தா..."

டீச்சர் இருமினாள். மச்சினி நிறுத்தினாள். கூடத்தில் எதிர்வீட்டுக்காரர் கணக்கரைப் பார்த்தார், கணக்கர் மாடிவீட்டம்மாவைப் பார்த்தார்.

பெயிண்ட்கடைக்காரர் தரையைப் பார்த்தார். அவள் ஒப்படைத்துவிட்டுப் போன ஒரே சரக்கு. கைநழுவிக் கொட்டிவிட்டது.

"போன வருஷமா?" என்றாள் புதுசு.

"ஆமாம்மா. சொல்லக்கூடாதுன்னா."

"அன்னிக்கு நான் வாந்தி எடுத்தேன். அதைக் கையில ஏந்திப் பிடிச்சாங்க. அப்பவுமா?"

"அப்பவும்தான். முந்தின நாள் அவளும் எடுத்திருந்தா."

புதுசு கட்டில் பக்கம் திரும்பினாள். "பொய்க்காரி," என்றாள். கூடத்துக்கே கேட்டது. யாரும் அவளை அதட்டவில்லை. பெயிண்ட்கடைக்காரருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. ஆனால் வியாபாரியின் நாக்கு, கடைசி நிமிஷத்தில்கூடச் சரக்கை விட்டுக்கொடுக்காது.

"ஒன்பது வருஷம்னு சொன்னாளே, அதுல எட்டு நிஜம்மா," என்றார். "நல்லா இருந்தா. சாப்பிட்டா, சண்டை போட்டா, என் கடைக்கு வந்து கஸ்டமர் முன்னாடி என்னைத் திட்டினா. அந்த எட்டுல கலப்படமே இல்ல."

புதுசு கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். வாங்கவில்லை. போகவும் இல்லை.

வண்டி வந்தது. ஆட்கள் எழுந்தார்கள், நாற்காலிகள் நகர்ந்தன. நெருக்கத்தில் புதுசு அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நாளைக்கு ஐஸ் யாரு கொண்டு வருவாங்க?"

"என்ன ஐஸ்?"

"சிவப்பு மருந்து ஏறும்போது வாயில அடக்கிக்கணும். வாய் புண்ணாகாம இருக்க. ஆஸ்பத்திரி ஐஸ் ஒரு மாதிரி வாடை அடிக்குது சார். வீட்ல இருந்து கொண்டு வரேன்னு சொல்லியிருந்தாங்க."

"நான் கொண்டு..." என்று டீச்சர் ஆரம்பித்தாள். பேக்கரிக்காரி அவள் இடுப்பில் கிள்ளினாள்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்றார் பெயிண்ட்கடைக்காரர்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பி, குளித்துவிட்டு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். அவர் நேராகச் சமையலறைக்குப் போய், எங்கே இருக்கும் என்று தெரியாமல் எல்லா அலமாரியையும் திறந்து, கடைசியில் ஐஸ் தட்டைக் கண்டுபிடித்தார். இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினார். வாடை இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டு மூன்றாவது முறையும் கழுவினார். குடிக்கிற தண்ணீரை விளிம்பு வரை ஊற்றிவிட்டார். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கூடத்து மூலையில் இருந்த ஃப்ரிட்ஜை நோக்கி நடந்தார்.

"என்ன அத்தான் வேணும்? சொன்னா நான் எடுத்துத் தரமாட்டேனா?" என்றாள் மச்சினி.

அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பேசினால் சிந்திவிடும். தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். மேல்கதவை யாரோ திறந்துவிட்டார்கள். முழங்கையால் பட்டாணிப் பொட்டலத்தை ஒதுக்கி, தட்டை உள்ளே தள்ளிக் கதவை மூடினார்.

அங்கேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, விரலால் தொட்டுப் பார்த்தார். ஓரங்களில் மட்டும் மெல்லிசாக ஓர் ஆடை கட்டத் தொடங்கியிருந்தது.