ஏழு வெள்ளை இழைகள்

“இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு. தெளிவாப் போடுங்கம்மா,” என்று சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை நீட்டினார்.

சின்னவள் பேனாவை வாங்கினாள். பிணவறை வாசலில் போட்டிருந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. அவள் கையை ஊன்றியதும் ஆடியது. அப்பாவின் உடலைப் பெற்றுக்கொண்டோம் என்று முதல் கையெழுத்து. எரிக்க மாட்டோம், புதைக்கத்தான் போகிறோம் என்று இரண்டாவது. மறுபடி தோண்டி எடுக்க வேண்டி வந்தாலும் வருமாம். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலிலேயே அதையும் சொல்லிவிட்டார் மனுஷர்.

“இன்னும் ஒரே ஒரு கேள்விதான். உங்க அப்பா படுத்திருந்த தலையணைக்குள்ள என்ன அடைச்சிருக்கு?”

அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற அண்ணன் முந்திக்கொண்டான். “பஞ்சுதான் சார். மெத்தைக்கடைக்காரன் வீட்டுத் தலையணையில பின்ன என்ன, தவிடா இருக்கும்?”

“உங்களக் கேக்கலை. தச்சவங்களக் கேட்டேன்.”

அந்தத் தலையணையைத் தைத்தவள் சின்னவள்தான். அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். நாலு நாளாக மழிக்காத முகம், சட்டைக் காலரில் பழுப்பு. சின்ன வயதில் அவளைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு, அவள் உள்ளே போகும்வரை நின்று பார்ப்பானே, அதே பார்வை.

“பஞ்சு,” என்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். ஒரு பொய்யைச் சொல்ல இவ்வளவு குறைந்த நேரம்தான் ஆகும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

அப்பாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மெத்தைக்காரர் என்றால்தான் தெரியும். நாற்பத்திரண்டு வருஷம் பஞ்சை அடித்து, உறையில் திணித்து, முழ நீள ஊசியால் தைத்து விற்றவர். அடித்த பஞ்சில் பாதி மெத்தைக்குள் போனதென்றால் மீதி அவர் நெஞ்சுக்குள் போயிருக்க வேண்டும். கடைசி இரண்டு வருஷம் கட்டிலோடு கிடந்தார். அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். சின்னவள் மூணு மணி நேரப் பஸ் தூரத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். மாதம் ஒரு நாள் வருவாள், அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுவாள், சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிவிடுவாள். மிச்ச நாளெல்லாம் அண்ணன்தான். கழுவுவது, துடைப்பது, ஊட்டுவது, ஏச்சு வாங்குவது எல்லாம். அவன் கல்யாணம் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போய், பிறகு யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இருமல் வந்தால் அப்பா நீலம் பாரித்துவிடுவார். மூச்சு திரும்பியதும், “என்னக் கொன்னு போட்டுட்டுப் போயேண்டா, உனக்குப் புண்ணியமாப் போகும்!” என்று கத்துவார். அண்ணனும் லேசுப்பட்டவன் இல்லை. “தலையணைய வச்சு ஒரே அமுக்கு அமுக்கிடுவேன், பாத்துக்கோ!” என்பான். அப்புறம் அப்பனும் பிள்ளையும் சிரித்துக்கொள்வார்கள். கத்தியது தெருவுக்கே கேட்டது. சிரித்தது அடுத்த அறைக்குக்கூடக் கேட்டிருக்காது.

நாலு நாள் முன்பு காலையில், “அப்பா போயிட்டாரு குட்டி,” என்று அண்ணன் போனில் சொன்னான். இவள் பஸ் ஏறுவதற்குள் அங்கே எல்லாம் தலைகீழாகிவிட்டது. முகத்தைத் துடைக்க வந்த அத்தை, அப்பாவின் கூடப் பிறந்த தங்கை, அரைக்கண்ணாகத் திறந்திருந்த இமையை மூடப்போனாள். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். வெள்ளை விழியில் குண்டூசி குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்ததும், ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டாள்.

உடலை அறுத்துப் பார்த்த டாக்டர், இது கொலை என்றார். கண்ணில் ரத்தப் புள்ளி, உதட்டின் உள்ளே பல் பதிந்த காயம், மூச்சுக்குழாய்க்குள் ஏழு வெள்ளை இழைகள். முகத்தில் தலையணையை வைத்து அழுத்தினால் இதெல்லாம் இருக்கும் என்றார். அண்ணனுக்காக வைத்த வக்கீல் கூட்டிவந்த டாக்டர், ரிட்டயரானவர், அதே உடலைப் பார்த்துவிட்டுச் சிரிக்காத குறைதான். இப்படி இருமுகிறவனுக்குக் கண்ணில் ரத்தம் கட்டத்தான் செய்யும், உதட்டைக் கடித்துக்கொள்ளத்தான் செய்வான், ஆயுசெல்லாம் பஞ்சடித்தவன் தொண்டையில் நாலு இழை இருப்பது அதிசயமா என்றார். இரண்டு பேரும் படித்தவர்கள். இரண்டு பேரும் சத்தியம் பண்ணாத குறையாகப் பேசினார்கள். இழைகளும் தலையணையும் லேப்புக்குப் போயிருந்தன. முடிவு வர இரண்டு வாரம் ஆகுமாம். அதுவரை அண்ணன் ஊரைவிட்டு நகரக் கூடாது.

வண்டியில் அப்பா நடுவே கிடக்க, இந்தப் பக்கம் சின்னவளும் அத்தையும், எதிரே அண்ணனும் வக்கீலும் உட்கார்ந்தார்கள். அத்தை ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நீங்க தைரியமா இருங்க தம்பி,” என்றார் வக்கீல். “தொண்டையில இருந்ததும் பஞ்சு, தலையணையில இருக்கறதும் பஞ்சு. இதுலேருந்துதான் அது வந்துச்சுன்னு எந்த லேப்காரனும் அடிச்சுச் சொல்ல முடியாது. அது ஒண்ணு போதும் நமக்கு.”

“நல்லாப் பாக்கட்டும் சார். எத்தன மிஷின் வேணா வச்சுப் பாக்கட்டும். எனக்கென்ன பயம்?” என்றான் அண்ணன்.

அண்ணன் அப்படித் தைரியமாகச் சொன்னதும் சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தலையணையில் பஞ்சே கிடையாது.

ஆறு மாதம் முன்பு, இனி பஞ்சுத் தூசி பக்கத்திலேயே இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாலியஸ்டர் நார் அடைத்த தலையணை வாங்கலாமா என்று அவள் கேட்டதற்கு அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். “பிளாஸ்டிக்கைத் தலைக்கு வச்சா கனவும் பிளாஸ்டிக்காத்தான் வரும். நல்ல பஞ்சுன்னா காலையில தலை வச்ச குழி சாயங்காலம் வரைக்கும் நிக்கணும். அதுக்குப் பேருதான் தலையணை.” அவள் வாதாடவில்லை. தன் ஊரிலேயே நாரை வாங்கி, வீட்டில் எங்கும் கிடக்கிற நீலக்கோடு போட்ட உறையில் அடைத்து, ஓரத்தை இரட்டைத் தையலாகப் போட்டு எடுத்துவந்தாள். அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. அவன் ஓட்டைவாய், முதல் சண்டையிலேயே போட்டு உடைத்துவிடுவான். அப்பா அதில் ஒரு வாரம் படுத்துவிட்டு, “தூசியே இல்ல பாரு. நல்லா அடிச்ச பஞ்சு. என் பொண்ணாச்சே!” என்றார். அவள் சமையலறைக்கு ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இப்போது வண்டியில் அதையே திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டாள். அந்த ஏழு இழைகளும் பஞ்சாக இருந்தால் அண்ணன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அத்தையே காலில் விழ வேண்டியதுதான். நாராக இருந்தால் வந்த இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு டாக்டர்களின் சண்டையும் அன்றைக்கே தீர்ந்துவிடும். அந்த வார்த்தை அண்ணனைக் காப்பாற்றுமா, தூக்கில் போடுமா என்பதுதான் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கிறானே, இவன் பயப்படாமல் இருப்பது ஒன்றும் செய்யாததாலா? இல்லை, எல்லாம் பஞ்சு என்று நம்பிக்கொண்டிருப்பதாலா? கூடப் பிறந்தவனைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை.

நினைத்ததைவிடச் சீக்கிரம் புதைத்து முடித்தார்கள். குழியை மூடும்போது அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதான். வக்கீல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். சற்றுத் தள்ளி ஒரு கான்ஸ்டபிள், எத்தனை அடி ஆழம் என்று நோட்டில் குறித்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை சமையலறைக்குள் போய் இருக்கிற பாத்திரத்தையெல்லாம் எடுத்துப் போட்டுக் கழுவ ஆரம்பித்தாள். சின்னவள் பக்கத்தில் நின்று துடைத்தாள். முன்னறையில் அண்ணன் நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“என்ன ராட்சசின்னு நெனச்சிருப்பே,” என்றாள் அத்தை, திரும்பாமலே.

“இல்லத்த.”

“நான் தூக்கி வளத்த புள்ளடி அவன். அம்மை போட்டப்ப பத்து நாள் என் மடியில கிடந்தான். ஆனா அந்தக் கண்ணப் பாத்துட்டேனே, நான் என்ன செய்ய? பாத்தும் பாக்காத மாதிரி இருக்கச் சொல்றியா?” குழாயை மூடிவிட்டு இவள் பக்கம் திரும்பினாள். முகத்துக்கு நாலே நாளில் பத்து வயது கூடியிருந்தது. “அவன் பண்ணலைன்னு நீ ஒரு வார்த்தை அடிச்சுச் சொல்லு. உன் வாயால சொல்லு. இப்பவே போயி, கிழவிக்குப் புத்தி பெசகிடுச்சு, தப்பாச் சொல்லிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு வரேன்.”

சின்னவள் தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள். அத்தை திரும்பிக்கொண்டு குழாயைத் திறந்தாள்.

“குட்டி!” அண்ணன் கூப்பிட்டான். “ரெண்டு கண்ணும் சிவந்து கிடக்கு. நாலு நாளாத் தூங்கியிருக்க மாட்டே. வந்து சித்த நேரம் சாயி.”

முன்னறை ஜன்னலோரம் பாய் விரித்து வைத்திருந்தான். வெயில் பாய் மேல் பாதிவரை வந்திருந்தது. அவள் உட்கார்ந்ததும் உள்ளே போய் ஒரு தலையணையை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தான்.

வாங்கிய கைக்கு உடனே தெரிந்துவிட்டது. பஞ்சென்றால் கனத்தில் கை கொஞ்சமாவது இறங்கும்; இது இறங்கவில்லை. உள்ளே இருப்பது நார்.

“இது யாரோடதுண்ணா?”

“அப்பாவோடது.”

“போலீஸ்தான் எடுத்துட்டுப் போயிட்டாங்களே.”

“அதுவா?” அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். “தலையணைய எடுத்துட்டு வாங்கன்னாங்க. அவங்க வாசல்ல எதோ எழுதிக்கிட்டு இருந்தாங்க. அப்பா தலை வச்சதத் தூக்கிக் குடுக்க எப்படிக் குட்டி மனசு வரும்? அவரு வாசனை இருக்கு அதுல. கடையிலேருந்து இதே கோடு போட்டத ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “எல்லாம் பஞ்சுதானே.”

லேப்புக்குப் போனது வெறும் கடைத் தலையணை; நார் அடைத்தது அவள் கையில். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த முகம். அதில் அழுகை இருந்தது, களைப்பு இருந்தது. வேறு எதையோ தேடித் தேடி அவள் கண் வலித்தது. சமையலறையில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

தலையணையை மடியில் வைத்துத் திருப்பினாள். ஒரு மூலையில் தையல் விட்டு, நார் விரல்கடை அளவுக்கு வெளியே பிதுங்கியிருந்தது. அவள் போட்ட இரட்டைத் தையல் அது. தலை வைத்துப் படுப்பதால் விடுகிற தையல் இல்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால்தான் விடும். இருமும்போது அப்பாவே பிடித்து இழுத்திருக்கலாம். இருமும்போதுதான் இழுத்திருப்பார்.

“தையல் விட்டிருக்கு,” என்றாள்.

“விட்டிருக்கா? நான் பாக்கலியே.” எட்டிப் பார்த்தான். “ரெண்டு தையல் போட்டுடு. இரு, நானே நூல் கோத்துத் தரேன்.”

அலமாரியிலிருந்து ஊசி டப்பாவை எடுத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் ஊசியைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நூல் நுனியை நாக்கில் நனைத்துக் கோத்தான்.

அவன் கோத்து முடிப்பதற்குள் அவள் தலையணையின் நடுவில் உள்ளங்கையை வைத்தாள். முழு பலத்தையும் கொடுத்து, தொடை எலும்பு தட்டும்வரை அழுத்தினாள். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு கையை எடுத்தாள். தலையணை மெல்ல மெல்ல எழும்பி, யாரும் தொடாததுபோல் ஆகிவிட்டது.

“இந்தா,” என்றான் அண்ணன். ஊசிமுனை அவளைப் பார்த்தபடி இருந்தது. அப்பா கடையில் பழக்கிவிட்டபடி அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அவளுக்குக் குத்திவிடாமல், காதுப் பக்கத்தை நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டாள்.