நம்ம பக்கம்

டெங்குவில் இறந்த மனைவி ஜெயந்தினியை அடக்கம் செய்த மறுநாள், அவள் வேலை பார்த்த கொழும்புப் பத்திரிகையின் செய்தி ஆசிரியர் இராசரத்தினம், விஜிதரனைத் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, அவவின்ர நல்ல படம் ஒண்டு அனுப்பும். நாளைக்குப் போடவேணும்.”

“எந்தப் பக்கத்துலங்க?”

“மலையகப் பக்கத்திலதான். வேற எங்க?”

தோட்டத்து ஆட்களுக்கென்று தனியாக ஒதுக்கிய அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லித்தான் சேர்ந்த நாளிலிருந்து அவள் சண்டை பிடித்தாள். தேயிலைத் தோட்டத்துச் செய்தி மற்றச் செய்திகளோடு வரவேண்டும், தன்னைப் போல லயத்து வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் ஆசிரியர் பீடத்தில் உட்கார வேண்டும் என்றாள். அவள் சேர்ந்த பிறகு லயத்திலிருந்து ஒரேயொரு பெண்ணை எடுத்தார்கள். அவளுக்கும் அந்தப் பக்கத்தையே கொடுத்தார்கள்.

“முன்பக்கத்துல போட முடியாதுன்னா போடவே வேணாங்க.”

“கோவிக்காதையும் தம்பி. உங்கட ஆக்கள் பாக்கிறது அந்தப் பக்கம்தானே.”

விஜிதரன் படம் அனுப்பவில்லை. அலுவலக அடையாள அட்டையில் இருந்த படத்தை எடுத்துப் போட்டார்கள்.

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வந்த பத்திரிகையை விரித்துப் பிடித்தபடி மாமியார் வீரம்மா வந்தாள். அழுது வீங்கியிருந்த முகத்தில் பெருமை தெரிந்தது.

“பாருங்க மாப்புள, நம்ம பக்கத்துல புள்ளைய எவ்வளவு பெருசா போட்டிருக்காங்க!”

“ஆமாங்க அத்தை” என்றான் அவன்.