ஒரு கை உப்பு

மழை பொய்த்ததில் மேய்ச்சல் நிலம் வேரோடு கருகிக் கிடந்தது. புல்லை இழந்தவர்களுக்கு அரசு தீவன உதவி தரும் என்ற அறிவிப்பை மாட்டுக்காரர் மலைபோல் நம்பியிருந்தார். அது கிடைத்தால் மந்தை பிழைக்கும். கிடைக்காவிட்டால் இறைச்சி வியாபாரியின் லாரி வந்து நிற்கும்.

ஆய்வாளர் வரும் நாளன்று, விடிந்ததுமே அவருடைய கைகள் தம் போக்கில் வேலையில் இறங்கின. மாடுகளைத் தேய்த்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கை உப்பை நக்கக் கொடுத்து, பிறகு தண்ணீர் காட்டினார். சந்தைக்குப் போகும் காலைகளில் வழக்கமாகச் செய்வதுதான். உப்பு தாகத்தைக் கிளப்பும். மாடு வயிறு முட்டக் குடிக்கும். குழிவிழுந்த விலா சற்று நேரத்துக்கு மேடுதட்டி நிற்கும். அந்நியர் முன்னால் வயிறு ஒட்டிய மாட்டை நிறுத்துவதென்றால், கிழிசல் உடையோடு சபைக்குப் போனதுபோல் அவருக்கு உடம்பு கூசும்.

"என்ன மச்சான், பொண்ணு பார்க்க வர்றாங்களா? பவுடர் மட்டும்தான் பாக்கி" என்றான் மனைவியின் தம்பி.

"வாயை மூடிட்டு வாளியைத் தூக்குடா."

செய்துகொண்டிருப்பது என்னவென்று இருவருக்குமே உறைக்கவில்லை.

ஆய்வாளர் நிதானமான பெண்மணி. கருகிய நிலத்தைச் சுற்றி வந்தவர், கொட்டிலில் சினையாயிருந்த செவலைப் பசுவின் முன் நின்றுவிட்டார்.

"புல்லு போனது நிஜம்தான். ஆனா மாடெல்லாம் வயிறு நிறைஞ்சு நிக்குதே. வேற எங்கயோ மேய்க்கிறீங்க. மாற்று மேய்ச்சல் இருக்கறவங்களுக்கு உதவி கிடையாதுங்க."

மாட்டுக்காரருக்கு அப்போதுதான் சுரீரென்றது. "அது வெறும் தண்ணிம்மா. உப்பைக் கொடுத்துக் குடிக்க வெச்சேன். சாயங்காலம் வந்து பாருங்க, ஒட்டிப்போயிருக்கும்."

ஆய்வாளர் பேனாவை மூடாமல் கேட்டார்: "உதவிக்காக மாட்டைப் பட்டினி போட்டுக் காட்டறவங்களைப் பார்த்திருக்கேன். கொழுக்க வெச்சுக் காட்டினதா சொல்ற முதல் ஆள் நீங்கதான். இதை நான் எப்படிங்க நம்பறது?"

மச்சினன் சத்தியம் செய்ய வாயெடுத்தான். அதற்குள் ஆய்வாளரின் வண்டி கிளம்பிவிட்டது. சாயங்காலம் மாடுகளின் விலாக்கள் பழையபடி குழிந்தன. பார்க்க வேண்டியவர்தான் அங்கே இல்லை.

விண்ணப்பம் தள்ளுபடியானது. லாரியும் வந்தது. அன்று காலை மச்சினன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "உப்பு கொண்டு வரட்டா மச்சான்? இன்னிக்குத்தான் அதுக்கு வேலை."

"வேணாம். உள்ளபடியே பார்க்கட்டும்."

வியாபாரி செவலையின் விலாவில் விரலை ஓட்டினான். "என்னய்யா இது, எலும்பும் தோலுமா நிக்குது. வயித்துக்கு ஒண்ணுமே போடலையா?"

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டியவர் வந்துபோய் ஒரு மாதம் ஆகிவிட்டிருந்தது. மாட்டுக்காரர் கயிற்றை அவிழ்த்தார். தேய்த்துவிட்ட கை அருகில் வந்ததும் செவலை கழுத்தை நீட்டி, உப்பிருக்கும் என்று நினைத்து அவருடைய வெறும் உள்ளங்கையை நக்கத் தொடங்கியது. லாரிக்காரன் இரண்டு முறை ஹாரன் அடித்தும் அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.